இரத்மலானையிலிருந்து ஒரு மணி பதினேழு நிமிடம்

என் கலியாணத்தைக் குழப்பப் பார்த்தது ஒரு முழத் துண்டு நூல். சீதனப் பேச்சிலும் சாதகப் பொருத்தத்திலும் ஒரு குறையும் இருக்கவில்லை. பெண்ணுக்கு என்னைப் பிடித்திருந்ததா என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. ஆனால் ஒரு முறை நான் வேட்டி தடுக்கி விழுந்தபோது அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அதைச் சம்மதம் என்றே நான் எடுத்துக்கொண்டேன். மீதி எல்லாவற்றையும் கெடுக்க வந்தது அந்த நூல்தான், அதைப் பிடித்த கை என்னுடையதுதான்.

அப்போது நான் கொழும்பில் ஒரு கந்தோரில் கிளாக்கர். வெள்ளவத்தையில் யாழ்ப்பாணத்துப் பொடியன்கள் ஒன்பது பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்துச் சமைத்துச் சாப்பிட்டு வாழ்ந்த ஒரு சமறியில் குடியிருந்தேன். உலக யுத்தம் முடிந்து, வெள்ளைக்காரப் பட்டாளத்தார் பலாலியில் போட்ட ஓடுபாதையில் பயணிகள் விமானம் வந்து இறங்கத் தொடங்கிய புதிது. சென்னையிலிருந்து ஒரு பாய்ச்சல், கொழும்பிலிருந்து ஒரு பாய்ச்சல், நடுவில் நாங்கள். உலகம் யாழ்ப்பாணத்தைச் சுற்றித்தான் அமைந்திருக்கிறது என்று எங்கள் ஊரவர்களுக்கு முன்பே ஒரு சந்தேகம் இருந்தது. அது அப்போது உறுதியாயிற்று.

எங்கள் வீடு மானிப்பாயில். பெண் வீடு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில். பெண்ணின் தகப்பனார் மலாயாவில் முப்பது வருடம் ஸ்டேசன் மாஸ்டராக இருந்து, யுத்தத்துக்கு முன்பே பென்சன் எடுத்துக்கொண்டு வந்தவர். அவருடைய மடியில் எப்போதும் ஒரு சங்கிலி மணிக்கூடு இருக்கும். விருந்தில் சோறு வர இரண்டு நிமிடம் பிந்தினாலும் அதை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்ப வைப்பார். பேசாமல் வைப்பதுதான் பயங்கரம். என்னைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு குறை. "பொடியன் நல்லவன். ஆனால் நேரம் தெரியாதவன்" என்று தரகரிடம் சொல்லியிருந்தார். தபாற்கந்தோர்க்காரப் பொடியன் ஒருவனின் சாதகமும் அவர் பெட்டியில் இருக்கிறது என்று அதே தரகர் எனக்கும் சொல்லிவைத்தார்.

பொன்னுருக்கலுக்கு நாள் குறித்தார்கள். தாலிக்குரிய பொன்னை மாப்பிள்ளை வீட்டில் வைத்து, நல்ல நேரத்தில், மாப்பிள்ளை தன் கையாலே ஆசாரியாரிடம் எடுத்துக் கொடுக்க, அவர் உருக்குவார். அது முடிந்தால் கலியாணம் பாதி முடிந்த மாதிரி. ஆனி மாதத்து வியாழக்கிழமை, பத்து மணி ஐந்து நிமிடம் தொடக்கம் பதினொன்றேகால் வரை. அதைத் தவறவிட்டால் ஆனியில் வேறு நாள் இல்லை, அடுத்தது ஆடி, நல்ல காரியம் கிடையாது. ஆவணி வரை பொறுத்திருக்கப் பெண்ணின் தகப்பனாரான பென்சனியர் ஆயத்தமில்லை. தபாற்கந்தோர்க்காரன் ஆயத்தமாக இருந்தான்.

புதன்கிழமை மாலையோடு எனக்கு லீவு. புத்தியுள்ளவன் அன்றிரவே மெயில் வண்டியில் ஏறுவான். அது விடிய யாழ்ப்பாணத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும். குளித்துச் சாப்பிட்டு, ஒரு சிறு நித்திரையும் கொண்டு, பொன்னுருக்கலுக்கு இருக்கலாம். ஆனால் மெயிலில் போய் இறங்கினால் ஊரில் ஒரு நாயும் திரும்பிப் பாராது. விமானத்தில் போய் இறங்கினால்? நேரம் தெரியாதவன் என்று சொன்ன மனுசனின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். நூலை எடுத்தேன்.

சமறிச் சுவரில் ஒரு இலங்கைப் படம் தொங்கியது. படத்தில் விமானம் கிளம்பும் இரத்மலானைக்கு மேல் சமறிப் பொடியன் ஒருவன் நூலின் ஒரு நுனியை விரலால் அமத்திப் பிடிக்க, நான் மறு நுனியை யாழ்ப்பாணத்துக்கு இழுத்தேன். றோட்டால் போனால், ஓரத்தில் நட்டிருக்கும் மைல் கட்டைக் கணக்கில், இருநூற்று ஐம்பது கட்டைக்குக் கிட்ட. நூல் இருநூற்று ஐந்து என்றது. விமானக் கந்தோரில் விசாரித்தபோது மணிக்கு நூற்றறுபது மைல் ஓடும் என்றார்கள். கடுதாசியில் வகுத்தேன். ஒரு மணி பதினேழு நிமிடம்.

"மச்சான், அவங்கடை நேர அட்டவணையிலை ஒண்டரை மணித்தியாலம் எண்டு கிடக்கு" என்றான் நூல் பிடித்தவன்.

"அது படியாத சனத்துக்குப் போட்டது."

ஏழரைக்கு வெளிக்கிட்டால் எட்டே முக்காலுக்குக் கிட்ட இறங்கலாம், சில்லறைச் சுணக்கத்துக்குக் கால் மணி. ஒன்பது. அங்கிருந்து காரில் அரை மணித்தியாலம். ஒன்பதரைக்கு வீட்டில். பத்தைந்துக்கு இன்னும் முப்பத்தைந்து நிமிடம் சும்மா கிடக்கும். அதை எப்படிச் செலவழிப்பது என்றுதான் எனக்குக் கவலை. சீட்டை எடுத்தேன். அதில் போய் இறங்குமிடம் 'காங்கேசன்துறை' என்று அச்சடித்திருந்தது. ஓடுபாதை பலாலியில் இருந்தாலும் கொம்பனிக்காரர் அந்தப் பக்கத்தில் பெரிய பெயராகப் பார்த்துப் போட்டிருந்தார்கள். சீட்டைப் பார்த்து அப்படியே வீட்டுக்குத் தந்தி அடித்தேன்: வியாழன் ஒன்பது மணி, காங்கேசன்துறை, விமானம், கார் அனுப்பவும்.

வியாழக்கிழமை விடிய இரத்மலானையில் என்னைத் தராசில் ஏற்றினார்கள். பெட்டியை நிறுப்பது தெரியும், ஆளையும் நிறுப்பார்கள் என்று தெரியாது. சமறி முழுவதும் சேர்ந்து கட்டிவிட்ட மஸ்கட் அல்வாப் பொட்டலங்கள் கோட்டுப் பையெல்லாம், அவற்றுக்கு நடுவில் தாலிக்கான பவுண் காசு. நிறுத்தவன் முள்ளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், திரும்ப முள்ளைப் பார்த்தான். உடம்பில் தெரியாத பாரம் எங்கேயோ இருக்கிறது என்று அவனுக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் நல்ல மனுசன், விட்டுவிட்டான். காதுக்குள் வைக்கப் பஞ்சும் வாய்க்குள் வைக்க இனிப்பும் தந்தார்கள். பதற்றத்தில் நான் பஞ்சை வாயில் போட்டுவிட்டேன் என்பதைப் பக்கத்தில் இருந்த, வழக்குப் பேசும் யாழ்ப்பாணத்துப் பிரக்கிராசி ஒருவர் கண்டு, "தம்பி, அது மற்றது" என்றார்.

ஏழு மணி நாற்பதுக்குச் சில்லுகள் நிலத்தை விட்டன. வயிறு இரத்மலானையிலேயே நின்றுவிட்டது. அது சிலாபத்துக்கு மேலே வந்துதான் என்னோடு சேர்ந்துகொண்டது. பிறகு காடு, குளம், காடு. மெயிலில் வாயைத் திறந்துகொண்டு நித்திரை கொள்ளும் தூரமெல்லாம் கண்ணாடிக்குக் கீழே பாய் விரித்த மாதிரிக் கிடந்தது. ஆனையிறவுக் கடலும் உப்பளமும் கோலப்பொடி சிந்தினது போலத் தெரிந்தபோது நான் மணிக்கூட்டைப் பிடித்தபடியே இருந்தேன். சில்லு பலாலி நிலத்தில் பட்டபோது எட்டு ஐம்பத்தெட்டு. ஒரு மணி பதினெட்டு நிமிடம். என் கணக்குக்கு ஒரு நிமிடம் கூட. அந்த ஒரு நிமிடத்தை நான் விமானிக்கு மன்னித்தேன்.

கொட்டகைக்கு வெளியே மூன்று கார்கள் நின்றன. மூன்றும் வேறு ஆட்களுக்கு.

"எந்தப் பக்கம் தம்பி? ஏறும், வழியிலை இறக்கிவிடுறன்" என்றார் பிரக்கிராசி.

"வேண்டாமய்யா. எனக்குக் கார் வரும். மாமனார் அனுப்புறார்."

மாமனார் என்று சொல்லும் ஆசையில்தான் அதைச் சொன்னேன். கார்கள் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. விமானமும் சென்னைக்குக் கிளம்பிவிட்டது. முட்கம்பியும் செம்மண்ணும் நானும் மிஞ்சினோம். ஒன்பதேகால். ஒன்பதரை. கம்பளிக் கோட்டுக்குள் அல்வா இளகத் தொடங்கியது.

அந்த நேரத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. தந்தி வந்தவுடன் என் அத்தான், அதாவது அக்காவின் புருஷன், "பிளேன் பலாலியிலையெல்லோ இறங்கிறது" என்று சொல்லியிருக்கிறார். அலுவல் பேச எங்கள் வீட்டுக்கு வந்திருந்த பென்சனியர் தந்தியை எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாராம்.

"இதிலை பலாலி எண்டு எங்கை கிடக்கு, காட்டும்."

"இல்லைத்தான். எண்டாலும்..."

"எண்டாலும் கிண்டாலும் இல்லை. எழுத்திலை காங்கேசன்துறை. பிளேன் எங்கையாவது இறங்கட்டும். பயணியைக் கொண்டுவந்து ஸ்ரேசனிலை ஒப்படைக்கிறது கொம்பனியின்ரை பொறுப்பு. மலாயாவிலை அப்பிடித்தான்."

ஒப்படைப்பதைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்று வியாழன் காலை அவரே வாடகைக் காரில் ஏறிவிட்டார். என்னைப் பெற்ற ஐயாவும் அத்தானும் நாள் குறித்த சாத்திரியாரும் பின்னால். எங்கள் வீட்டில் வேட்டி கட்டிய ஆட்கள் எல்லோரும் காங்கேசன்துறைப் புகையிரத நிலையத்து மேடையில் வரிசையாக நின்று, என்னை எதிர்பார்த்திருக்கிறார்கள். என் விமானம் தலைக்கு மேலாகப் போய்ப் பலாலிப் பக்கம் தாழ்வதை அத்தான் கையை நீட்டிக் காட்டினாராம். "அது வேறை" என்றாராம் பென்சனியர்.

நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பலாலி றோட்டுக்கு நடந்து வந்தேன். ஒன்பது நாற்பது. ஒரு மனுசன் கூடையில் மீனோடு கடற்கரைப் பக்கமிருந்து சைக்கிளில் வந்தார். நாற்பது வயது இருக்கும், கழுத்தில் கறுத்தக் கயிற்றில் சிலுவை. கையைக் காட்டினேன்.

"அண்ணை, மானிப்பாய்க்குப் போகவேணும்."

அவர் என் கழுத்துப்பட்டியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "துரை எங்கையிருந்து வாறியள்?"

"கொழும்பிலையிருந்து. பிளேனிலை."

"அப்ப மானிப்பாயிலை இறக்கிவிடச் சொல்லியிருக்கலாமே."

விசயத்தைச் சொன்னேன். பொன்னுருக்கல், பதினொன்றேகால், ஆடி மாதம், தபாற்கந்தோர்க்காரன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் கூடைக்குள் கையை விட்டு ஒரு பாரையின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். அதுதான் அவருடைய மணிக்கூடு.

"நான் திருநெல்வேலிச் சந்தைக்குப் போறன். மானிப்பாய் எண்டால் கோண்டாவிலாலை திரும்பவேணும். மீன் தாங்கும். ஏறுங்கோ."

"எங்கை ஏறுறது?"

"பாரிலை. பெட்டியைக் கூடைக்கு மேலை வைப்பம்."

அந்தப் பெட்டிக்குள் பொன்னுருக்கலுக்கென்று வாங்கிய பட்டு வேட்டியும் சால்வையும் இருந்தன. அந்த நிமிடத்தில் அது எனக்கு நினைவு வரவில்லை. சைக்கிள் பாரில் கோட்டும் சூட்டுமாகக் குந்தினேன். மனுசன் மிதித்தார். மேட்டில் ஏறும்போது அவருடைய மூச்சு என் பிடரியில் அடித்தது.

"பிளேன் எவ்வளவு நேரம் எடுத்தது, துரை?"

"ஒரு மணி பதினெட்டு நிமிசம்."

"எத்தினை கட்டை?"

"இருநூற்றைஞ்சு."

கொஞ்ச நேரம் மிதித்தார். "ஆகாயத்திலை கட்டை ஆர் நட்டது?"

"நட்டதில்லை அண்ணை. நூல் பிடிச்சு அளந்தனான்."

"மேலை நிண்டோ?"

"படத்திலை."

"ஓ." அந்த ஓவில் இருந்த இரக்கத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. உரும்பிராய்ச் சந்தியில் எதிரே வந்த ஒரு மாட்டு வண்டிக்காரன், "என்ன, இண்டைக்கு மீன் கோட்டுப் போட்டிருக்கு" என்று கத்தினான். "சீலா மீனடா. கொழும்புச் சரக்கு" என்று என் சாரதி திருப்பிக் கத்தினார்.

கோண்டாவிலில் திரும்பும்போது பத்து இருபது. நல்ல நேரம் தொடங்கிப் பதினைந்து நிமிடமாகிவிட்டது. நான் மணிக்கூட்டைப் பார்ப்பதும் பெருமூச்சு விடுவதுமாக இருக்க, "பாரத்தை ஆட்டாதையுங்கோ துரை, சைக்கிள் இழுக்குது" என்றார். பையில் கிடந்த அல்வாவை இரண்டு பேரும் தின்றுகொண்டு போனோம். அவருக்குக் கை ஓய்வில்லாதபடியால் நான் பின்பக்கமாகக் கையை நீட்டி ஊட்டினேன். ஊரவர் யாராவது கண்டார்களா என்று தெரியாது. கண்டிருந்தால் அந்தக் கலியாணமே வேறு விதமாகப் பேசப்பட்டிருக்கும்.

எங்கள் வீட்டு வாசல் படலையில் இறங்கும்போது பத்து ஐம்பத்தெட்டு.

"பாருங்கோ துரை" என்றார் அவர், வெளிக்கிட்ட நேரத்தையும் இறங்கின நேரத்தையும் என்னிடம் கேட்டுவிட்டு, தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டே. "கொழும்பிலையிருந்து பலாலிக்கு ஒரு மணி பதினெட்டு. பலாலியிலையிருந்து இஞ்சை ஒரு மணி பதினெட்டு. உங்கடை பிளேனும் என்ரை சைக்கிளும் ஒரே ஓட்டம்தான்."

கணக்கில் பிழையில்லை. நான் நன்றி சொன்னேன். உள்ளே வந்து ஒரு வாய் மோராவது குடித்துவிட்டுப் போகும்படி சொல்லவில்லை. சொன்னால் வீட்டில் என்ன முகம் காட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். "மீன் நிக்காது, வாறன்" என்று சொல்லிக்கொண்டு தானாகவே திரும்பிப் போனார். என்னை நானே பகிடி பண்ணி எழுதுகிற இந்தக் கதையில், பகிடியாக எழுத முடியாத இடம் அது ஒன்றுதான்.

வீட்டுக்குள் பெண்கள் நிறைந்திருந்தார்கள். முற்றத்துப் பந்தலில் ஆசாரியார் நெருப்பு மூட்டிக் காத்திருந்தார். ஆம்பிளை என்று பார்த்தால் அவர் ஒருவர்தான்.

"எங்கை மற்றவை?" என்றாள் அம்மா.

"எந்த மற்றவை? எங்கை என்ரை கார்?" என்றேன் நான்.

அக்காதான் முதலில் விளங்கிக்கொண்டு தலையில் கைவைத்தாள். பிறகு மூக்கில் கைவைத்தாள்.

"இதென்னடா மணம்?"

கிணற்றடியில் ஐந்து வாளி தண்ணீர். பெட்டியைத் திறந்தால் அடித்தட்டு முழுக்கக் கூடைத் தண்ணீர் ஊறியிருந்தது. பட்டு வேட்டி பாரை மீனாகவே மாறிவிட்டது. வேறு பட்டு இல்லை, அதையே கட்டினேன். அக்கா பன்னீர்ச் செம்பைக் கவிழ்த்து என்மேல் ஊற்றினாள். அதனால் மீன் மணம் போகவில்லை, கலியாண வீட்டு மீன் மணமாயிற்று.

பதினொன்று ஆறு.

"தம்பி, நேரம் போகுது" என்றார் ஆசாரியார். "பொன்னை எடுத்துத் தாரும்."

"பெம்பிளையின்ரை தேப்பன் வரேல்லையே" என்றாள் அம்மா. "அவர் இல்லாமல் உருக்கினால் நாளைக்குச் சபையிலை கேப்பார். 'என்னை ஸ்ரேசனிலை நிப்பாட்டிப்போட்டு அங்கை பொன்னுருக்கினவை' எண்டு. சம்பந்தமே முறிஞ்சுபோம்."

"உருக்காமல் விட்டால்?"

"அப்பவும் முறிஞ்சுபோம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆசாரியார் ஊதுகுழலை எடுத்தபடி மெதுவாகச் சொன்னார்: "நெருப்புக்கு ஸ்ரேசன் மாஸ்ரரைத் தெரியாது தம்பி."

என் வாழ்க்கையில் நூல் பிடிக்காமல் நான் எடுத்த முதல் முடிவு அது. கழற்றிப் போட்ட கோட்டின் பையைத் துழாவினேன். பவுண் அல்வாவில் ஒட்டிக் கிடந்தது. கழுவித் துடைத்து, வெற்றிலையில் வைத்து, பதினொன்று ஒன்பதுக்கு ஆசாரியார் கையில் கொடுத்தேன். அவர் பிள்ளையாரைக் கும்பிட்டு, உருக்கும் மண் கிண்ணமான குகையில் இட்டார். பெண்கள் குரவையிட்டார்கள். பொன் முதலில் பிடிவாதமாக இருந்தது. பிறகு ஓரங்கள் தளர்ந்து, காசிலிருந்த அரசன் தலை மடிந்து, ஒரு துளியாகத் திரண்டு மின்னியது. அதே நேரம் படலையில் கார் ஹோர்ன்.

ஸ்டேசனில் காத்துக் காத்து அலுத்த பென்சனியர் முன்னால் வந்தார். பின்னால் வந்த ஐயாவும் சாத்திரியாரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். அத்தான் மட்டும் முகத்தில் வந்த சிரிப்பை மீசைக்குள் மறைத்துக்கொண்டு நின்றார்.

"நீர் எந்தப் பிளாட்போமிலை இறங்கினீர்?" என்றார் பென்சனியர் என்னிடம்.

"பலாலியிலை, மாமா."

"தந்தியிலை?"

"அது என்ரை பிழை."

நெருப்பையும் குகையையும் அப்போதுதான் கண்டார். முகம் கறுத்தது. பெண்கள் குரவையை நிறுத்திவிட்டார்கள். மடியிலிருந்து சங்கிலி மணிக்கூட்டை எடுத்தார். திறந்தார். பார்த்தார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தினைக்குப் பொன்னைக் குடுத்தது?"

"பதினொண்டு ஒன்பதுக்கு" என்றார் ஆசாரியார். "உருகி முடிய பதினொண்டு பன்ரண்டு."

பென்சனியர் மணிக்கூட்டையும் பொன்னையும் மாறி மாறிப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. அன்று நான் மணிக்கூடு பார்க்க மறந்த ஒரே தருணம் அது.

"மாப்பிள்ளை நேரத்துக்கு வந்திருக்கிறார்" என்றார் கடைசியில், எங்களுக்கல்ல, மணிக்கூட்டுக்குச் சொல்வதுபோல. "பிந்தினது நாங்கள்."

முப்பது வருட உத்தியோகத்தில் அந்த வசனத்தை அவர் சொல்லியிருக்கமாட்டார். சொல்லி முடித்ததும் களைத்துப்போனார். என் பக்கத்தில் வந்து, ஆசீர்வதிப்பதற்காகத் தோளில் கைவைத்தவர், திடீரென்று மூக்கைச் சுருக்கினார்.

"இதென்ன, மீன் மணக்குது?"

நல்ல காரியம் நடக்கிற சைவ வீடு.

"மணக்காதோ அண்ணை?" என்றாள் அம்மா, கண்ணிமைக்காமல். "கடலுக்கு மேலாலை பறந்து வந்த பிள்ளையெல்லோ."

பென்சனியர் யோசித்தார். ரயிலைப் பற்றி என்றால் அவரிடம் நூறு கேள்வி இருந்திருக்கும். விமானத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்று காட்டவும் ஆயத்தமில்லை.

"ஓம்" என்றார், தலையை ஆட்டி. "கடலுக்கு மேலாலை வந்தால் மணக்கும்தான்."